கஸுயாவின் எலெக்ட்ரிக் குத்து: எங்கே வெல்லும், எங்கே அடி வாங்கும்

டெக்கென் 8 என்ற சண்டை வீடியோ கேமில் கஸுயா மிஷிமா என்ற கதாபாத்திரத்தைத் தேர்ந்தெடுத்த எவரும் முதல் நாளே தேடிப் போவது ஒரே ஒரு அடியைத்தான். எலெக்ட்ரிக் விண்ட் காட் ஃபிஸ்ட் என்பது அதன் முழுப்பெயர். ஆடுபவர்கள் எலெக்ட்ரிக் என்று சுருக்கிவிடுவார்கள். கை நுனியில் மின்னல் தெறிக்கும், எதிராளி அந்தரத்தில் தூக்கி எறியப்படுவார், அங்கிருந்து காம்போ, அதாவது அடுத்தடுத்த அடிகளின் தொடர், தொடங்கும். நானும் அதற்காகத்தான் கஸுயாவை எடுத்தேன். நான்கு மாதம் பாடுபட்டேன். அதில் பாதிக்கு மேல் தவறான இடத்தில் போன உழைப்பு. குத்தை வரவழைப்பது மட்டுமே வேலை என்று நினைத்திருந்தேன். எப்போது அதை வீசக் கூடாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் அந்த நான்கு மாதத்தை ஒரு மாதமாகச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. முதலில் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்த விளையாட்டு ஒரு விநாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படச்சட்டம், ஓடுகிறது. ஒரு பிரேம் என்பது ஏறக்குறைய 16.7 மில்லி விநாடி. எல்லா அடிக்கும் விலை இந்த நாணயத்தில்தான்.

எலெக்ட்ரிக்குக்கு விசை வரிசை இது: முன், நடு (அதாவது எதையும் அழுத்தாத நிலை), கீழ், கீழ்-முன் மூலை. அந்த மூலையைத் தொடும் அதே பிரேமில் வலக்குத்து. ஒரு பிரேம் தாமதமானாலும் மின்னல் வராது. அதற்குப் பதில் சாதாரண விண்ட் காட் ஃபிஸ்ட் வரும். மின்னலைத் தவிர, பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பட்டால் இரண்டுமே எதிராளியைத் தூக்கிவிடும். அதனால்தான் புதியவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

வித்தியாசம் எதிராளி தடுக்கும்போதுதான் தெரியும். எலெக்ட்ரிக்கைத் தடுத்தால் உங்களுக்கு +5. அதாவது அவரைவிட 5 பிரேம் முன்பே நீங்கள் விடுபட்டு அடுத்த அடிக்குத் தயாராகிறீர்கள். சாதாரணக் குத்தைத் தடுத்தால் உங்களுக்கு -10. அவர் 10 பிரேமில் வரும் ஜாப்பை, அதாவது வேகமான நேர்க்குத்தை, அழுத்தினால் உங்களால் தடுக்கவே முடியாது, வாங்கித்தான் ஆக வேண்டும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விரல் தவறியது 1 பிரேம். கையை விட்டுப் போனது 15 பிரேம். இந்த ஆட்டத்தில் இவ்வளவு சின்னத் தவறுக்கு இவ்வளவு பெரிய விலை கேட்கும் அடிகள் மிகச் சிலவே. இந்தக் கணக்கை மனத்தில் பதித்துக்கொண்டால், 'பத்துக்கு ஐந்து வருகிறதே, போட்டியில் விட்டுப் பார்க்கலாம்' என்ற ஆசை தானாக அடங்கும்.

2. கருவியைச் சோதியுங்கள், பிறகு பணத்தை எடுங்கள்

என் முதல் இரண்டு வாரம் இந்த இடத்தில்தான் வீணானது. கணினியில் சாதாரண விசைப்பலகை வைத்து ஆடினேன். வலப்பக்கம் நோக்கி நிற்கும்போது குத்து வரவே இல்லை. விரல் மந்தம் என்று என்னையே நொந்துகொண்டு இரவெல்லாம் பயிற்சி செய்தேன். கடைசியில் பார்த்தால், கீழ், வலம், குத்து ஆகிய மூன்று விசைகளையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் அந்தப் பலகை மூன்றாவதைப் பதிவே செய்யவில்லை. விலை குறைந்த பல பலகைகளில் சில மூன்று விசைச் சேர்க்கைகள் இப்படித்தான் விழுங்கப்படும்.

சோதிப்பது எளிது. பயிற்சிக் களத்துக்குப் போய், விசை வரலாற்றைத் திரையில் காட்டச் செய்யுங்கள். கீழையும் வலத்தையும் பிடித்துக்கொண்டு குத்தை அழுத்துங்கள். பதிவாகிறதா என்று பாருங்கள். இடப்பக்க விசைக்கும் இதே சோதனை. பதிவாகவில்லை என்றால், புதுப் பலகை வாங்கும் முன் விளையாட்டின் அமைப்பில் விசைகளை வேறு எழுத்துகளுக்கு மாற்றிப் பாருங்கள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஒரு ரூபாய் செலவில்லை.

வேறு கருவிகளைப் பற்றி: கன்சோலுடன் வந்த கேம்பேட் போதும். அம்பு விசைகளைப் பயன்படுத்துங்கள், அனலாக் குச்சி வேண்டாம். குச்சியில் நடுநிலை தெளிவாகப் பதிவாவது கடினம். லீவர் இல்லாத, பொத்தான்கள் மட்டுமே உள்ள கட்டுப்பாட்டுப் பலகை எலெக்ட்ரிக்குக்கு மிகவும் வசதியானது. காரணம் உண்டு: கீழைப் பிடித்துக்கொண்டே முன்னையும் குத்தையும் இரு கை விரல்களால் ஒரே தட்டாகத் தட்டினால் வேலை முடிந்தது. 'மூலையைத் தொடும் கணத்தில் குத்து' என்ற கடினமான வேலை 'இரண்டு விரல் ஒன்றாக விழ வேண்டும்' என்ற எளிய வேலையாக மாறுகிறது. ஆனால் அதன் விலை ஆயிரக்கணக்கில் போகும். விசைப்பலகையும் அதே முறையில்தான் இயங்குகிறது என்பதால், கணினியில் ஆடுபவர்கள் அவசரப்பட வேண்டாம். ஒரு மாதம் கழித்தும் ஆர்வம் குறையவில்லை என்றால் வாங்குங்கள்.

பணத்தை உடனே போட வேண்டிய ஒரே இடம் லேன் கேபிள். வைஃபையில் இணைப்பு தடுமாறும்போது பிரேம் கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். தொலைக்காட்சியில் ஆடுபவர்கள் அதன் 'கேம் மோடை' இயக்குங்கள். அதற்குச் செலவே இல்லை.

3. விசை வரிசையைப் பிரித்துப் பழகுங்கள்

முதல் நாளே குத்தோடு சேர்த்து முயலாதீர்கள். முன், நடு, கீழ், மூலை என்ற நான்கும் சேர்ந்தால் கஸுயா தாழ்ந்து முன்னே பாய்வார். இதன் பெயர் க்ரவுச் டேஷ். நூற்றுக்கு நூறு முறை அது வரும் வரை குத்தைத் தொடாதீர்கள்.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் அந்த 'நடு'. அடிப்பட்டியலில் அதை நட்சத்திரக் குறியாகப் போட்டிருப்பார்கள், பலர் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். முன்னிலிருந்து கட்டைவிரலை உருட்டிக் கீழே கொண்டு போனால் நடு விடுபட்டுவிடும். விரலைத் தூக்கி எடுத்து, பிறகு கீழை அழுத்த வேண்டும். நடு விடுபட்டால் என்ன வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: மூலையும் வலக்குத்தும் மட்டும் பதிவாகி, வயிற்று உயரத்தில் போகும் வேறொரு குத்து வரும். அது மோசமான அடியன்று, பின்னால் அதைப் பற்றிச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டது அதுவன்று.

பிறகு குத்தைச் சேருங்கள். வேகம் வேண்டாம், ஒருசேர விழுவதுதான் வேண்டும். முன், நடு, கீழ் மூன்றும் சற்று நிதானமாகப் போனாலும் குத்து வரும். கறாராக இருக்க வேண்டியது கடைசி இணைப்பு மட்டுமே. வேகமாகச் செய்தால்தான் மின்னல் வரும் என்று நினைத்து விரலை நோகடித்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

கால அளவு: நாளுக்கு 20 நிமிடம். அதில் 10 இடப்பக்கம் நின்று, 10 வலப்பக்கம் நின்று. இந்தப் பாதிப் பங்கீட்டை விடாதீர்கள். எனக்கு இடப்பக்கத்தில் பத்துக்கு எட்டு வந்துகொண்டிருந்தபோது வலப்பக்கத்தில் இரண்டுகூட வரவில்லை. போட்டியில் பக்கம் உங்களைக் கேட்டு மாறுவதில்லை. இருபது நிமிடத்துக்கு மேல் போனால் விரல் சோர்ந்து தவறான அசைவே பழகிவிடும், நிறுத்திவிடுங்கள்.

4. மூன்று ஆவணங்களை எப்போதும் கையில் வைத்திருங்கள்

முதலாவது, விசை வரலாறு. எலெக்ட்ரிக் வராதபோது திரையோரம் பாருங்கள். கடைசி வரியில் மூலை அம்பும் குத்தும் ஒன்றாக இருந்தால் சரி. மூலை அம்பு தனி வரியாக வந்து, அடுத்த வரியில் குத்து சேர்ந்திருந்தால் நீங்கள் தாமதம். கீழ் அம்போடு குத்து சேர்ந்திருந்தால் நீங்கள் முந்திவிட்டீர்கள். முந்துபவருக்கும் பிந்துபவருக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பார்க்காமல் ஆயிரம் முறை முயல்வது கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லெறிவதுதான்.

இரண்டாவது, பிரேம் விவரம். டெக்கென் 7-இல் இந்தக் காட்சியைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. டெக்கென் 8-இல் பயிற்சிக் களத்திலேயே இருக்கிறது. பொம்மை எதிராளியைத் தடுக்க வைத்து அடியுங்கள். +5 காட்டினால் மின்னல், -10 காட்டினால் சாதாரணம். கண்ணையும் காதையும்விட இந்த எண்ணை நம்புங்கள். விளையாட்டின் புதுப்பிப்புகளில் எண்கள் மாறலாம் என்பதால், ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. இந்தக் கட்டுரையில் நான் தரும் எண்களுக்கும் அது பொருந்தும்.

மூன்றாவது, உங்கள் பழைய போட்டிகளின் பதிவு. அதைப் பற்றிக் கடைசியில்.

5. எங்கே வெல்லும்

எதிராளி ஒரு பெரிய அடியை வீசி அது உங்களைத் தொடாமல் காற்றில் போகிறது. இதுதான் எலெக்ட்ரிக்குக்காகவே பிறந்த தருணம். க்ரவுச் டேஷ் உங்களை முன்னே கொண்டு போகும், குத்து அவரை இன்னும் கை மடக்காத நிலையில் பிடிக்கும். ஓரடி பின்வாங்குவது, அவர் அடி வீணாவது, உடனே பாய்ந்து குத்துவது என்ற இந்த மூன்றையும் ஒரே மூச்சாகப் பழகுங்கள். கஸுயாவின் ஆட்டத்தில் பாதி இதுதான்.

இரண்டாவது இடம் தண்டனை. அவருடைய அடியை நீங்கள் தடுத்தீர்கள், அவர் -15 அல்லது அதைவிட மோசமான நிலையில் இருக்கிறார். கடைசி விசைக்குப் பின் எலெக்ட்ரிக் பட 11 பிரேம் ஆகும். முன்னால் வரும் மூன்று விசைகளுக்குக் குறைந்தது ஒவ்வொரு பிரேம். ஆக 14. விரலில் ஒரு பிரேம் சறுக்கினாலும் 15-க்குள் முடிந்துவிடும். -14 அடிகளையும் தண்டிக்கலாம் என்பார்கள், உண்மைதான். ஆனால் அது சறுக்கலே இல்லாத கைகளுக்கு. முதல் சில மாதம் -15 அல்லது அதைவிட மோசமானவற்றை மட்டும் குறிவையுங்கள்.

மூன்றாவது, தடுத்த பின்னான +5. இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இங்கேதான் ஆட்டத்தின் அழுத்தமே இருக்கிறது. அவர் எலெக்ட்ரிக்கைத் தடுத்துவிட்டார். அவருடைய மிக வேகமான அடி 10 பிரேம். ஆனால் அவர் 5 பிரேம் பிந்தி விடுபடுவதால், உங்கள் கணக்கில் அது 15-ஆவது பிரேமில்தான் வரும். உங்கள் அடுத்த எலெக்ட்ரிக் 14-இல் வந்தால் அவர் அழுத்திய எதுவும் தோற்கும். 15-இல் வந்தால் இருவருக்கும் அடி. 16-இல் வந்தால் நீங்கள் வாங்குவீர்கள். க்ரவுச் டேஷில் உடல் தாழ்வதால் தலை உயர ஜாப் சில சமயம் மேலே போய்விடும். அதை உறுதி என்று எண்ணாதீர்கள். அவர் தலை உயர அடியைத்தான் அழுத்துவார் என்று யார் சொன்னது?

ஆகவே முதலில் +5-க்குப் பின் மறுபடி எலெக்ட்ரிக் போடாமல் வேகமான ஜாப்பைப் போட்டுப் பழகுங்கள். உங்கள் 10 பிரேம், அவருடைய 15. இதில் விரல் தவற இடமே இல்லை. அவர் பயந்து கை கட்டி நிற்கத் தொடங்கிய பிறகு மற்றவை.

6. எங்கே அடி வாங்கும்

குனிந்தால் போதும். எலெக்ட்ரிக் தலை உயர அடி. குனிந்தவரின் தலைக்கு மேல் மின்னல் போகும், அவர் எழும்போது உங்களைத் தூக்கிவிடுவார். ஒரே எதிராளியிடம் மூன்று முறை தொடர்ந்து எலெக்ட்ரிக் தடுக்கப்பட்டால், நான்காவது முறை அவர் குனிவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் முன்பு சொன்ன வயிற்று உயரக் குத்து உதவும்: க்ரவுச் டேஷ் இல்லாமல், மூலையும் வலக்குத்தும் மட்டும். குனிந்தவரையும் அது அடிக்கும். அவர் வேறொன்றை அழுத்தும் நடுவில் பட்டால் தூக்கியும் விடும். தடுத்தால் சிறு தண்டனை உண்டு, ஆனால் தலைக்கு மேல் போகும் குத்துக்குக் கொடுக்கும் விலையைவிட அது குறைவு.

கீழே கால் வாரும் ஹெல் ஸ்வீப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதே க்ரவுச் டேஷிலிருந்து குத்துக்குப் பதில் வலக்காலை அழுத்தினால் வரும். நின்று தடுப்பவரைக் குனிய வைக்க அதுவே வழி. ஆனால் எதிராளி அதைக் குனிந்து தடுத்துவிட்டால் உங்களை அந்தரத்தில் தூக்குவார். ஒரு சுற்றில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் சூதாட்டம்.

அடுத்த பலவீனம் பக்கவாட்டு நகர்வு. எலெக்ட்ரிக் நேர்கோட்டில் போகிறது. எதிராளி தன் இடப்பக்கம் விலகினால் அது அவரைத் தாண்டிப் போய்விடும். இதைத் திரையில் அடையாளம் காணும் வழி: நீங்கள் திரையின் இடது பாதியில் நின்றால், அவர் பார்வையாளரை நோக்கி, அதாவது திரையின் முன்பக்கம் விலகுவார். நீங்கள் வலது பாதியில் நின்றால் பின்னணிக்குள் விலகுவார். அனுபவம் உள்ள எவரும் மிஷிமா குடும்பத்தாரை எதிர்கொள்ளும்போது முதலில் செய்வது இதைத்தான். எனக்கு இது தெரியாமல் ஒரு மாதம், என் குத்து ஏன் ஆளைத் துளைத்துக்கொண்டு போவதுபோல் தெரிகிறது என்று குழம்பியிருக்கிறேன். அடிப்பட்டியலில் 'ஹோமிங்' என்று குறியிட்ட அடிகள் பக்கவாட்டில் விலகுபவரைப் பிடிக்கும். அவர் இரண்டு முறை விலகினால் மூன்றாவது முறை அதில் ஒன்றைப் போடுங்கள். அவர் நகர்வதை நிறுத்தியதும் எலெக்ட்ரிக் மீண்டும் உயிர் பெறும்.

கவசமுள்ள அடிகள் மூன்றாவது ஆபத்து. பவர் க்ரஷ் வகை அடிகள் தலை, வயிற்று உயர அடிகளை வாங்கிக்கொண்டே திருப்பி அடிக்கும். டெக்கென் 8-இல் எல்லாக் கதாபாத்திரங்களுக்கும் உள்ள ஹீட் பர்ஸ்ட்டுக்கும், உயிர் குறைந்தபோது கிடைக்கும் ரேஜ் ஆர்ட்டுக்கும் அதே கவசம் உண்டு. +5 கிடைத்த உற்சாகத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த குத்தை விடுபவர்கள் விழும் குழி இது. எதிராளியின் உயிர்ப்பட்டை குறைந்து அவர் உடல் சிவந்து ஒளிர்ந்தால், +5-க்குப் பின் ஒரு முறை சும்மா தடுத்து நில்லுங்கள். ரேஜ் ஆர்ட்டைத் தடுத்துவிட்டால் பதிலுக்கு எலெக்ட்ரிக் கொடுக்கலாம். அதைவிட இனிமையான முடிவு இந்த ஆட்டத்தில் குறைவு.

7. போட்டிக்குள் கொண்டுவரும் வரிசை

எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டிக்குள் கொண்டு போகாதீர்கள். நான் இப்போது புதியவர்களுக்குச் சொல்லும் கால அட்டவணை இது.

முதல் இரண்டு வாரம் போட்டியில் எலெக்ட்ரிக்கே வேண்டாம். பயிற்சிக் களத்தில் மட்டும். போட்டியில் ஜாப், வயிற்று உயரக் குத்து, தடுப்பு, பின்வாங்கல் ஆகியவற்றை வைத்து ஆடுங்கள். தோற்பீர்கள், பரவாயில்லை.

மூன்றாவது வாரம் வீணான அடிகளைத் தண்டிக்க மட்டும். இங்கே ஒரு நன்மை இருக்கிறது: மின்னல் வராமல் சாதாரணக் குத்து வந்தாலும், பட்டுவிட்டால் எதிராளி தூக்கப்படுவார். தவறுக்கு விலை இல்லாத ஒரே இடம் இது. ஆகவே இங்கிருந்து தொடங்குவதே நியாயம். பயிற்சிக் களத்தில் பொம்மையின் அசைவைப் பதிவு செய்யும் வசதி உண்டு. பெரிய அடி ஒன்றைப் பதிவு செய்து, அதை வீணாக்கித் தண்டிப்பதை நாளுக்கு ஐம்பது முறை செய்யுங்கள்.

நான்காவது வாரம் -15 தண்டனைகள். 'பனிஷ்மென்ட் டிரெய்னிங்' என்ற பகுதியில் ஒவ்வொரு கதாபாத்திரத்தின் தண்டிக்கத்தக்க அடிகளும் வரிசையாக வரும். நீங்கள் அடிக்கடி சந்திக்கும் நான்கைந்து பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரு பக்கத்திலும் பத்துக்கு எட்டு முறை +5 காட்டத் தொடங்கிய பிறகுதான், எதிராளி தடுத்து நிற்கும்போது எலெக்ட்ரிக்கை அழுத்தத்துக்காக விட வேண்டும்.

இடையில் நல்ல ஆட்டங்களைப் பாருங்கள். 2017-இல் டெக்கென் வேர்ல்டு டூர் இறுதிப் போட்டியை வென்ற கொரிய வீரர் குடான்ஸ் ஆடுவது டெவில் ஜின் என்ற கதாபாத்திரத்தை. அந்தக் கதாபாத்திரத்துக்கும் இதே எலெக்ட்ரிக் உண்டு. குடான்ஸ் எத்தனை முறை அதை வீசுகிறார் என்று எண்ணாதீர்கள். அருகே போய், அதை வீசாமல் பின்வாங்குவது எத்தனை முறை என்று எண்ணுங்கள்.

கடைசியாக அந்த மூன்றாவது ஆவணம். 'மை ரீப்ளே அண்ட் டிப்ஸ்' பகுதியில் உங்கள் போட்டிகள் சேமிக்கப்பட்டிருக்கும். தோற்ற போட்டி ஒன்றைத் திறந்து, நீங்கள் எலெக்ட்ரிக்குக்கு முயன்ற ஒவ்வொரு இடத்திலும் நிறுத்துங்கள். ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொரு முயற்சிக்கும் உரிய கட்டத்தில் ஒரு புள்ளி வையுங்கள்: பட்டது, குனிந்தார், விலகினார், மின்னல் வரவில்லை. எந்தக் கட்டத்தில் அதிகப் புள்ளி விழுகிறதோ, மறுநாள் இருபது நிமிடம் அதற்கு. பதிவை எந்தக் கணத்திலும் நிறுத்தி, அங்கிருந்து நீங்களே கட்டுப்பாட்டை எடுத்து ஆடிப் பார்க்கும் வசதியும் அதில் இருக்கிறது. குனிந்த எதிராளிக்கு முன் வந்து நின்று, வயிற்று உயரக் குத்தை அழுத்தி, என்ன நடந்திருக்கும் என்று பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள்.